சீருடைக்குள் இருக்கும் மதமும் சீருடையின் மதமும்

பௌத்தரின் வெசாக் பண்டிகை நாட்களில் மட்டக்களப்பு நகரத்துக்குள் வரும் எவரும் இராணுவ முகாம் வாசலை அண்டிய, இலவசமாக உணவோ பானமோ வழங்கும் ஒரு தன்சலையாவது கடந்துதான் வந்திருப்பர். தகரக் கொட்டிலின் கீழ் நீளமான மேசை, மேலே காற்றில் ஆடும் கடதாசிக் கூடுகள், ஒலிபெருக்கியில் சிங்களப் பக்திப் பாடல். சீருடைக் காற்சட்டையும் வெள்ளை டீசேர்ட்டும் அணிந்த ஓர் இளைஞன் கல்முனை பஸ்ஸை மறித்து, யன்னல் வழியாகக் குளிர்பானக் கோப்பைகளை நீட்டுகிறான். சிலர் வாங்கிக் குடிக்கின்றனர், சிலர் வேண்டாமென்று தலையசைக்கின்றனர், பஸ் புறப்பட்டுவிடுகிறது. தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பவனிடம் கேள்வி கேட்பது எங்கள் ஊர் வழக்கமல்ல. ஆயினும் இக்கட்டுரையின் பொருள் அந்தக் கோப்பையிலிருந்தே தொடங்குகிறது. அந்த இளைஞன் தன் விருப்பத்தோடு புண்ணியம் தேடி அங்கே நிற்கிறானா, அல்லது காலையில் வாசிக்கப்பட்ட கடமைப் பட்டியலில் அவனுடைய பெயர் இருந்ததனால் நிற்கிறானா? அவன் கத்தோலிக்கனாகவோ இந்துவாகவோ இருந்து, தனக்கு இதில் பங்கில்லை என்று மேலதிகாரியிடம் சொன்னால் அவனுக்கு ஏதும் நேருமா? சீனியும் மின்குமிழ்களும் படையினர் தமக்குள் சேர்த்த பணத்தில் வந்தவையா, அரசாங்கத்தின் பணத்தில் வந்தவையா? படைக்குள் மதத்துக்குரிய இடம் எது என்பது பற்றி உலகெங்கும் நடந்துள்ள வழக்குகளைப் படித்துப் பார்த்தால், அவற்றுள் பெரும்பாலானவை இந்த மூன்று கேள்விகளுள் ஒன்றிலேயே வந்து நிற்பதைக் காணலாம்.

அரசையும் மதத்தையும் பிரித்து வைத்தல் என்ற கருத்து ஐரோப்பாவின் கசப்பான அனுபவத்திலிருந்து பிறந்தது. அரசன் எந்தச் சபையைச் சேர்ந்தவனோ குடிகளும் அந்தச் சபையையே சேரவேண்டும் என்ற நியதி அங்கு நெடுங்காலம் நிலவியது; அதனாலேயே இக்கருத்துக்குத் 'திருச்சபையையும் அரசையும் பிரித்தல்' என்ற பெயர் நிலைத்தது. அந்த நியதியின் சுவடு நமக்கும் அந்நியமானதன்று. மட்டக்களப்பின் புளியந்தீவுக் கோட்டையில் டச்சுக்காரர் இருந்த காலத்தில் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டிருந்தது. உத்தியோகம் பெற விரும்பியவர் சீர்திருத்தச் சபையின் ஞானஸ்நானத்தைப் பெறவேண்டியிருந்தது. அமெரிக்க அரசியலமைப்பின் முதலாவது திருத்தம் 1791 இல் இதற்கு எதிரான கொள்கையை இரு கூறுகளாகச் சட்டமாக்கியது: எந்த மதத்தையும் அரச மதமாக நிறுவும் சட்டத்தை இயற்றக்கூடாது என்பது ஒன்று, எவருடைய மத அனுட்டானத்தையும் தடுக்கக்கூடாது என்பது மற்றையது. தோமஸ் ஜெபர்சன் 1802 இல் டான்பரி நகரின் பப்டிஸ்ற் சபையினருக்கு எழுதிய கடிதத்தில் இதனை இரண்டுக்கும் நடுவே எழுப்பிய மதில் என்று வர்ணித்தார். தமிழில் நாம் 'மதச்சார்பின்மை' என்ற ஒரே சொல்லைக் கொண்டு இவை எல்லாவற்றையும் குறிப்பதால் குழப்பம் நேருகிறது. சிலர் அதனைக் கடவுள் மறுப்பு என்றும், வேறு சிலர் எல்லா மதங்களுக்கும் அரசு சமமாக உதவுதல் என்றும் விளங்கிக்கொள்கின்றனர். இங்கு நான் அதனைக் குறுகிய பொருளிலேயே கையாளுகிறேன்: அரசின் பணமும் அரசின் கட்டளையும் அரசின் தண்டனையும் எந்த ஒரு மதத்தையும் ஒருவர்மேல் திணிக்கவோ, அவரிடமிருந்து பறிக்கவோ பயன்படக்கூடாது.

மதில் என்ற உவமை புகழ்பெற்றது. ஆனால் படைமுகாமில் அது சரியாகப் பொருந்துவதில்லை. அதற்குக் காரணம் இரண்டு. அவை ஒன்றையொன்று எதிர்த்து இழுப்பவை.

முதலாவது காரணம் தூரம். அரசு ஓர் இளைஞனை அவனுடைய கோயிலிலிருந்தும் குருவிடமிருந்தும் பிரித்து, அவன் நினைத்தபோது வெளியேற முடியாத ஓரிடத்தில் கொண்டுபோய் வைக்கிறது. அங்கே வழிபாட்டுக்கான வசதி எதையும் செய்யமாட்டேன், ஏனெனில் நான் மதத்திலிருந்து பிரிந்தவன் என்று அந்த அரசு சொல்லுமானால், அது நடுநிலை வகிக்கவில்லை. அவனுடைய வழிபாட்டைத் தடுக்கிறது. அமெரிக்கப் படையில் மதகுருக்கள் 1775 இலிருந்தே, அதாவது அந்த நாட்டின் அரசியலமைப்பு எழுதப்படுவதற்கு முன்பிருந்தே உள்ளனர். அரச சம்பளத்தில் மதகுருக்களை வைத்திருப்பது முதலாவது திருத்தத்துக்கு முரணானது என்று ஹாவார்ட் பல்கலைக்கழகச் சட்ட மாணவர் இருவர் 1979 இல் வழக்குத் தொடுத்தனர். 1985 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர்களது வாதத்தின் பிரதான பகுதியை ஏற்காமல், நான் மேலே சொன்ன காரணத்தையே தன் தீர்ப்பின் அடிப்படையாக வைத்தது. பிரிவினையில் மிகக் கடுமையான நாடு என்று பெயரெடுத்த பிரான்சிலும், 1905 ஆம் ஆண்டின் பிரிவினைச் சட்டமே சிறைச்சாலைகளிலும் மருத்துவமனைகளிலும் மதகுருக்களுக்கு அரசு செலவிடலாம் என்று விலக்களித்திருக்கிறது. வெளியே போக முடியாதவனிடம் குரு உள்ளே வரவேண்டும் என்பதே இதன் நியாயம்.

இரண்டாவது காரணம் கட்டளை. கந்தோரில் மேலதிகாரி ஒருவர் தம்முடைய ஆலயத் திருவிழாவுக்கு வரும்படி அழைத்தால், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லித் தப்பிக்கொள்ளலாம். முகாமில் அழைக்கிறவரே நம்முடைய லீவைக் கையெழுத்திடுகிறவர், பதவி உயர்வுக்குப் பரிந்துரைக்கிறவர், இரவுச் சென்றியில் யார் நிற்பது என்று தீர்மானிக்கிறவர். அவர் புன்னகையோடு அழைத்தாலும் அது அழைப்பாக இருப்பதில்லை.

இந்த வேறுபாட்டை மிகத் தெளிவாக எடுத்துக்காட்டும் வழக்கு கிரேக்க நாட்டில் எழுந்தது. கிரேக்க விமானப் படையைச் சேர்ந்த, பெந்தெகொஸ்தே சபையினரான மூன்று அதிகாரிகள், தமக்குக் கீழ்ப் பணியாற்றிய வான்படையினரிடமும் வெளியே வாழ்ந்த சில குடிமக்களிடமும் தமது விசுவாசத்தைப் பற்றிப் பேசி, சபைக்கு வரும்படி ஊக்குவித்தமைக்காகத் தண்டிக்கப்பட்டனர். ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 1998 பெப்ரவரியில் அளித்த தீர்ப்பு அந்தத் தண்டனையை இரண்டாக வெட்டியது. குடிமக்களிடம் பேசியதற்காக அவர்களைத் தண்டித்தது மத சுதந்திரத்தை மீறியது. அந்தக் குடிமக்கள் கேட்கலாம், மறுக்கலாம், கதவைச் சாத்தலாம். ஆனால் கீழ்ப்பணியாளரிடம் பேசியதற்காகத் தண்டித்தது செல்லும். வெளியுலகில் சாதாரணக் கருத்துப் பரிமாற்றமாகக் கொள்ளத்தக்க ஒரு பேச்சு, படையின் படிநிலைக்குள் தொல்லையாகவும் நெருக்குதலாகவும் மாறக்கூடும் என்று நீதிமன்றம் கருதியது. பேசியவர்கள் அதே மூவர், பேசிய பொருளும் அதே விசுவாசம். கேட்டவனால் எழுந்து போக முடியுமா என்ற ஒன்றுதான் தீர்ப்பை மாற்றியது. படைக்குள் மதம் என்ற பொருளைப் படிக்கத் தொடங்கும் ஒருவர் ஒரேயொரு வழக்கைத்தான் படிக்க முடியுமென்றால், நான் இதையே சொல்வேன்.

வெளிப்படையான கட்டளை இருந்த இடங்களில் தீர்ப்பு இன்னும் இலகுவாக இருந்திருக்கவேண்டும் என்று நமக்குத் தோன்றும். ஆனால் அமெரிக்காவின் படைத்துறைக் கல்லூரிகளில் ஞாயிறு வழிபாட்டுக்குப் போவது 1972 வரை கட்டாயமாகவே இருந்தது. மாணவர்கள் சிலர் வழக்குத் தொடுத்தபோது, இது வழிபாடே அல்ல, வருங்கால அதிகாரிகள் தமது வீரர்களின் மன உணர்வைப் புரிந்துகொள்வதற்கான ஒரு பயிற்சி என்று அரசு வாதிட்டது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. தேவாலயத்தில் போய் அமரச் செய்வதே மதத்தைத் திணித்தல்தான் என்றது. சட்டம் மாறிய பிறகும் பழக்கம் மாறுவதற்கு நாளெடுக்கும். 2004 இல் விமானப் படைக் கல்லூரியின் காற்பந்துப் பயிற்றுநர் ஒருவர், தாம் இயேசு கிறிஸ்துவின் அணியைச் சேர்ந்தவர் என்று அறிவிக்கும் பதாகையை வீரர்கள் உடைமாற்றும் அறையில் தொங்கவிட்டார். 2010 இல் வெளியான செய்தி இதைவிட நுணுக்கமானது: ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் பயன்பட்ட அமெரிக்கத் துப்பாக்கிகளின் குறிபார்க்கும் கருவிகளில், தொடரிலக்கத்தின் வால் போல, யோவான் நற்செய்தியின் 8 ஆம் அதிகாரம் 12 ஆம் வசனத்தைச் சுட்டும் எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன. உலகின் ஒளி நானே என்று இயேசு சொல்லும் வசனம் அது. ஒளியைக் கொண்டு குறிபார்க்க உதவும் கருவிக்கு அதனைப் பொருத்தமென்று உற்பத்தியாளர் நினைத்திருக்கலாம். முஸ்லிம் நாடொன்றில் ஒரு முஸ்லிம் படையினனின் கையிலும் அதே கருவி இருக்கக்கூடும் என்பதை எவரும் நினைத்திருக்கவில்லை. எதிர்ப்பு எழுந்ததும் எழுத்துகளை நீக்குவதற்கான உபகரணங்களை அந்த நிறுவனமே வழங்க முன்வந்தது.

உடை பற்றிய வழக்குகள் இதன் மறுபக்கம். அங்கே படை மதத்தைத் திணிப்பதில்லை, தடுக்கிறது. யூத ரபியும் உளவியலாளருமான ஓர் அமெரிக்க விமானப் படை அதிகாரி, மருத்துவமனைக்குள் தமது சிறு தொப்பியை அணியக்கூடாது என்ற உத்தரவை எதிர்த்து 1986 இல் உச்ச நீதிமன்றத்தில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தோற்றார். அடுத்த ஆண்டே காங்கிரஸ் சட்டமியற்றி, ஒழுங்கான, பெரிதாக வெளித்தெரியாத மத அடையாளங்களுக்கு இடமளித்தது. சீக்கியரின் தலைப்பாகையும் தாடியும் அமெரிக்கத் தரைப்படையில் பொதுவான அனுமதியைப் பெறுவதற்கு 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

படைக்குள் இருக்கும் மதகுருவுக்கு ஆறுதல் சொல்லும் பணி ஒன்று உண்டு. அதனை எவரும் குறைகூற மாட்டார். நண்பனைப் புதைத்துவிட்டு வந்த இருபது வயதுப் பையனுக்கு ஒரு குரு தேவை. ஆனால் கொலைக்கு நியாயம் வழங்கும் பணியையும் அதே குரு ஏற்கும்போது நிலைமை வேறாகிறது. மியன்மாரில் பெரும் மதிப்புப் பெற்ற சிதாகு சயாடோ என்ற பிக்கு, 2017 ஒக்டோபர் 30 இல், ரோகிஞ்சா முஸ்லிம்கள் இலட்சக்கணக்கில் எல்லை கடந்து ஓடிக்கொண்டிருந்த நாட்களில், படை அதிகாரிகள் நிரம்பிய மண்டபத்தில் ஆற்றிய உபதேசத்தில் எடுத்துக்கொண்ட கதை இலங்கையிலிருந்து போனது. போரில் பெருந்தொகையானோரைக் கொன்றதை எண்ணி வருந்திய சிங்கள மன்னன் துட்டகைமுனுவிடம், ஞானம் பெற்ற பிக்குகளான அரகத்துகள் எண்மர் வந்து, கொல்லப்பட்டோருள் மனிதராகக் கணக்கிடத்தக்கோர் ஒன்றரைப் பேர் மட்டுமே, ஒருவர் மும்மணிகளைச் சரணடைந்தவர், மற்றவர் ஐந்து சீலங்களை ஏற்றவர், ஏனையோர் மிருகங்களுக்கு ஒப்பானவர் என்று தேற்றியதாக மகாவம்சத்தின் 25 ஆம் அத்தியாயம் சொல்கிறது. பழைய நூலொன்றில் இருக்கும் கதை நூலில் இருக்கும்வரை ஆராய்ச்சியாளருக்கு உரியது; சீருடையோடு அமர்ந்திருப்பவர்களுக்கு மேடையிலிருந்து சொல்லப்படும்போது அது வேறொன்றாகிவிடுகிறது. குருவும் அரசனும் ஒருவருக்கொருவர் தேவைப்படும் இடம் இதுதான் என்பதனால், பிரிவினை என்ற கருத்துக்கு எல்லா நாடுகளிலும் இங்கேயே அதிக எதிர்ப்பு எழுகிறது.

இந்தியா வேறொரு வழியைப் பின்பற்றுகிறது. அங்கே பல படையணிகள் சமூக, பிராந்திய அடிப்படையில் அமைந்தவை. அவற்றின் போர்முழக்கங்களில் அநுமனும் காளியும் பத்ரிநாதரும் சீக்கியரின் 'சத் சிறீ அகால்' என்ற வாழ்த்தும் ஒலிக்கின்றன. மதராஸ் படையணியின் முழக்கமோ 'வீர மதராசி, அடி கொல், அடி கொல்' என்பது. தமிழர் தெய்வத்தைத் தொந்தரவு செய்யாமல் நேரே விஷயத்துக்கு வந்துவிட்டனர் போலும். இந்த ஏற்பாட்டில் அதிகாரி தன் மதத்தை ஒதுக்கிவைத்து, தன் வீரர்களின் மதத்தை முன்னின்று நடத்தவேண்டும் என்பது மரபு. அம்மரபோடு மோதிய ஒரு கிறிஸ்தவ லெப்டினன்ட், சீக்கிய வீரர்களைக் கொண்ட தமது அணியின் வழிபாட்டு அணிவகுப்புகளுக்குப் போய் முற்றத்தில் நிற்கத் தயாராக இருந்தார், கருவறைக்குள் சென்று பூசையில் பங்குகொள்ள மட்டும் மறுத்தார். அவர் 2021 இல் பணிநீக்கம் செய்யப்பட்டார். அவர் தமது மதத்தை மேலதிகாரியின் சட்டபூர்வமான கட்டளைக்கு மேலாக வைத்துவிட்டார் என்று டில்லி உயர் நீதிமன்றம் 2025 மே மாதத்தில் தீர்ப்பளித்தது. நவம்பரில் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. கிரேக்க வழக்கையும் இதையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஒரே படிநிலை என்ற காரணம் ஓரிடத்தில் கீழ்ப்பணியாளரைக் காப்பதற்கும், இன்னோரிடத்தில் மனச்சாட்சிக்கு எதிரான கட்டளையை நியாயப்படுத்துவதற்கும் பயன்படுவதைக் காணலாம். என்னைக் கேட்டால், முற்றத்தில் நின்ற அந்த அதிகாரி தம் வீரர்களுக்குச் செய்யவேண்டிய மரியாதையைச் செய்துவிட்டார்.

இனி நம் நாடு. இலங்கையில் பிரிவினை இல்லை. இதனை முதலில் ஒப்புக்கொண்டாலன்றி மேலே பேச முடியாது. சுதந்திரம் பெற்றபோது இருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவு ஒரு மதத்தவருக்கு மட்டும் சலுகை வழங்கும் சட்டத்தைத் தடுத்திருந்தது. 1972 இன் அரசியலமைப்பில் அந்தப் பாதுகாப்பு மறைந்து, பௌத்தத்துக்கு முதன்மைத்தானம் வந்தது. 1978 இன் அரசியலமைப்பிலும் 9 ஆம் உறுப்புரை அதனை வழங்கி, புத்த சாசனத்தைப் பாதுகாத்து வளர்ப்பதை அரசின் கடமையாக்குகிறது. ஏனைய மதங்களுக்கு, மதச் சுதந்திரத்தையும் வழிபாட்டுச் சுதந்திரத்தையும் தரும் 10 ஆம், 14(1)(உ) ஆம் உறுப்புரைகளின் உரிமைகளை உறுதிசெய்கிறது. படையும் அரசின் உறுப்பு என்பதால் அந்தக் கடமை தமக்கும் உண்டு என்று ஒரு படைத்தளபதி கூறினால், அவர் வெறுங்கையோடு வாதிடுகிறார் என்று சொல்லிவிட முடியாது. ஒக்டோபர் 10 ஆம் திகதி வரும் இராணுவ தினத்தை முன்னிட்டுப் படையணிகளின் கொடிகள் அநுராதபுரம் ஸ்ரீ மகாபோதியில் ஆசி பெறுவதும், 2021 நவம்பரில் படையினரின் நினைவாக அங்கே சந்தஹிரு சேய தூபி திறக்கப்பட்டதும் அந்த நோக்கின் வெளிப்பாடுகளே. இராணுவ தினத்துக்குக் கோயிலிலும் தேவாலயத்திலும் பள்ளிவாசலிலும் கூட வழிபாடுகள் நடக்கின்றன என்பதையும் சொல்லவேண்டும். நான்கு மதத் தலைவர்களை மேடையில் வரிசையாக அமர்த்திவிட்டால் விஷயம் தீர்ந்தது என்று நம் நாட்டில் ஒரு நம்பிக்கை உண்டு. அது மரியாதையான ஏற்பாடுதான். ஆனால் நான்கு வழிபாட்டுக்கும் சமமாக அணிவகுக்கச் செய்யப்பட்ட வீரனுக்கு, ஒன்றிலிருந்தும் விலகி நிற்கும் உரிமை அதனால் கிடைத்துவிடவில்லை.

படையின் மத முகம் தொடக்கத்திலிருந்தே இப்படி இருந்ததில்லை. 1949 இல் உருவான இராணுவத்தின் அதிகாரிகள் மத்தியில் கிறிஸ்தவர்கள் அவர்களது சனத்தொகைக்கு மிஞ்சிய அளவில் இருந்தனர். 1962 ஜனவரியில் படை, பொலிஸ் அதிகாரிகள் சிலர் ஆட்சியைக் கவிழ்க்க முயன்று தோற்றபோது, அவர்களுள் பெரும்பாலானோர் கிறிஸ்தவர்களாக இருந்தமை அரசியலில் பேரதிர்வை ஏற்படுத்தியது. அதன் பின் சிங்கள பௌத்தரின் பங்கு விரைந்து பெருகியது. அதே ஆண்டு டிசம்பரில் உருவான கெமுனு படையணியும், 1983 இல் கஜபா படையணியும், 1988 இல் விஜயபாகு படையணியும் சிங்கள மன்னர்களின் பெயர்களைத் தாங்கின. மேலே சொன்ன துட்டகைமுனுவே கெமுனு. பெயர் சூட்டுவது மதப் பிரசாரமன்று. ஆனால் அந்தப் படையணியின் முகாம் எங்கள் ஊரில் இருக்கும்போது பெயர்ப்பலகையை வாசிக்கும் கண்கள் எங்களுடையவை.

இதிலிருந்து பொருளின் வெளிப்பக்கம் தொடங்குகிறது: படை தன் வேலிக்கு வெளியே எந்த மதத்தின் சார்பில் நிற்கிறது என்ற கேள்வி. இங்கே ஒரு சிறு திருத்தம் அவசியம். எங்கள் பக்கத்தில் சீருடை அணிந்த எல்லோரையும் ஆமி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அம்பாறைக் கரையோரத்தில் நெடுங்காலமாக நின்ற எஸ்.ரி.எப். இராணுவமன்று, பொலிஸின் விசேட அதிரடிப்படை. மக்கள் மனத்தில் பெரிய வேறுபாடு இல்லாவிட்டாலும் சட்டத்தில் வேறுபாடு உண்டு. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென ஒரு ஜனாதிபதிச் செயலணி நியமிக்கப்பட்டபோது, அதன் தலைவராக வந்தவர் தொல்லியலாளரல்லர், பாதுகாப்புச் செயலாளர். உறுப்பினருள் பௌத்த பிக்குகள் இருந்தனர், தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்துக்கான அந்தக் குழுவின் தொடக்கப் பட்டியலில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. தீகவாபி போன்ற தொன்மையான பௌத்த தலம் பேணப்படவேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இருக்கத் தேவையில்லை. பேணும் பொறுப்பு பாதுகாப்புத் துறையிடம் போவதுதான் பிரச்சினை, ஏனெனில் அத்துறையிடம் மறுப்புச் சொல்லும் வழி சாதாரண விவசாயிக்கு இல்லை. யாழ்ப்பாணம் தையிட்டியில் இராணுவத்தின் கட்டுப்பாட்டிலிருந்த நிலத்தில் எழுந்த விகாரைக்கு எதிராகக் காணிச் சொந்தக்காரர் உறுதிகளைக் கையில் வைத்துக்கொண்டு போராடுவதும் இதே காரணத்தினாலேயே.

இதற்காக, ஒரு வழிபாட்டிடத்தின் அருகே சீருடை தெரிந்தாலே பிரிவினை மீறப்பட்டது என்று கொள்வதும் தவறு. 2019 ஏப்ரல் 21 இல் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பின்னர், மட்டக்களப்பில் பெருநாள் பூசைகள் ஆயுதக் காவலோடு நடக்கத் தொடங்கின. அந்த ஆண்டு எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவிலும் ஒரு சிப்பாய் காவலுக்கு வந்தான். சப்பாத்தைக் கழற்ற அவனுக்கு உத்தரவில்லை, சப்பாத்தோடு உள்ளே வர எங்களுக்கு ஒப்புதலில்லை. எனவே அவன் கோபுர வாசலுக்கு நான்கு அடி தள்ளி, பூவரச மர நிழலில் மூன்று மணித்தியாலம் நின்றான். பூசை முடிந்ததும் ஒரு கிழவி வாழையிலைத் துண்டில் பொங்கலை ஏந்திப் போனார். துப்பாக்கியைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, இரண்டு கைகளாலும் வாங்கினான். அவன் காத்தது எங்கள் மதத்தையன்று, எங்கள் உயிரை. அது அரசின் வேலை.

மீண்டும் முகாமுக்குள் செல்வோம். வாகரையிலிருந்தோ திருக்கோவிலிலிருந்தோ ஓர் இந்து இளைஞன் படையில் சேர்ந்து, முகாமில் நடக்கும் பிரித் என்ற பௌத்த ஓதல் நிகழ்வுக்கு அணியில் நிற்கும்படி பணிக்கப்படுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனுடைய உரிமையைத் தேடினால் அரசியலமைப்பின் 15(8) ஆம் உறுப்புரைக்கு வரவேண்டும். படையினரின் ஒழுக்கத்தையும் கடமையையும் முன்னிட்டு, சமத்துவம் பற்றிய 12(1) ஐயும், கைது, தண்டனை பற்றிய 13 ஐயும், பேச்சும் வழிபாடும் உள்ளிட்ட 14 ஐயும் சட்டத்தால் மட்டுப்படுத்தலாம் என்று அது சொல்கிறது. அந்தப் பட்டியலில் 10 இல்லை. விரும்பிய மதத்தைக் கொண்டிருக்கவும் மேற்கொள்ளவும் உள்ள சுதந்திரத்தைத் தரும் 10 ஆம் உறுப்புரை, சீருடை அணிந்தவனுக்கும் அணியாதவனுக்கும் ஒரே அளவினது. 9 ஆம் உறுப்புரையைப் போலவே அதனையும் மாற்றுவதற்குப் பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும். ஆகவே அவன் கடமை நேரத்தில் திருநீறு பூசலாமா, வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போக லீவு உண்டா என்பவை 14 ஐச் சேர்ந்தவை. அவற்றுக்கு இராணுவம் விதி எழுதலாம். அணியில் அமைதியாக நிற்கும்படி சொல்வதும் ஒழுங்கின்பாற்பட்டது என்று வாதிடலாம், 1972 இன் அமெரிக்க நீதிபதிகள் அதற்கே இணங்கியிருக்க மாட்டார்கள் என்றாலும். 'புத்தம் சரணம் கச்சாமி' என்று வாய்விட்டுச் சொல்லும்படி பணித்தால், அது 14 ஐத் தாண்டி 10 இன் எல்லைக்குள் போய்விடுகிறது என்பதே என் வாசிப்பு. ஏனெனில் சரணம் என்பது சடங்கின் ஒலியன்று, ஒருவன் எதனிடம் அடைக்கலம் புகுகிறான் என்ற அறிவிப்பு, அந்த அறிவிப்பை அவனுக்காக அவனுடைய சார்ஜன்ட் செய்ய முடியாது.